மருத்துவமனைக் கட்டிலில் ஜேம்ஸ் பாண்ட்

இருசக்கர வாகன விபத்தில் இடது தொடை எலும்பு முறிந்து நான் ஆறு வாரம் கட்டிலோடு கிடந்த நாட்களில், அத்தான் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை வாங்கி வந்தார். தாள் பழுத்து, முதுகில் ஒட்டுத்தாள் போட்டிருந்த 'பான்' பதிப்பகத்தின் பழைய மலிவுப் பதிப்புகள் அவை. "சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்காம இதப் படி மாப்ளே, நேரம் போறதே தெரியாது" என்று சொல்லித் தலையணைக்கு அருகே வைத்துவிட்டுப் போனார். ஒன்று 'கேசினோ ராயல்', மற்றொன்று 'டாக்டர் நோ'.

ஜேம்ஸ் பாண்டை அதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ராணி காமிக்ஸில் அவரைப் படித்திருக்கிறேன், திரையரங்கில் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை கசங்காமல் சண்டை போடுபவர், வெடித்துச் சிதறும் கட்டடத்திலிருந்து கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே வெளியே வருபவர் என்பதுதான் என் மனத்தில் இருந்த சித்திரம். அந்த மனிதருக்கும் கால் முறிந்து கிடக்கும் எனக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்ற எண்ணத்தோடுதான் முதல் புத்தகத்தைப் பிரித்தேன். பாதிக்கு மேல் போனதும், கதாநாயகனும் என்னைப் போலவே மருத்துவமனைக் கட்டிலில் அசைய முடியாமல் படுத்திருந்தார்.

1953 ஏப்ரலில் வெளியான 'கேசினோ ராயல்', இயான் ஃப்ளெமிங் எழுதிய முதல் நாவல். சூதாட்ட மேசையில் பாண்டிடம் எல்லாப் பணத்தையும் இழந்த லெ ஷிஃப்ர் என்பவன், பாண்டைக் கடத்திச் சென்று, இருக்கைப் பின்னலை அறுத்தெடுத்த ஒரு நாற்காலியில் நிர்வாணமாகக் கட்டிவைத்து, கம்பளத்தில் தூசி தட்டும் பிரம்பால் கீழிருந்து அடிக்கிறான். திரைப்படங்களில் இப்படியொரு தருணம் வந்தால் கதாநாயகன் ஏதோ ஒரு கருவியை இயக்கித் தப்பிவிடுவான். நாவலில் பாண்ட் தப்புவதில்லை. அடி வாங்குகிறார், மயங்குகிறார், மயக்கம் தெளிந்ததும் மறுபடி அடி வாங்குகிறார். கடைசியில் அவர் உயிர் பிழைப்பதுகூட அவருடைய திறமையால் அன்று. லெ ஷிஃப்ரைக் கொல்ல வந்த சோவியத் கொலையாளி, பாண்டைக் கொல்லும் உத்தரவு தனக்கு இல்லை என்று சொல்லி, அவர் புறங்கையில் கத்தியால் ஒரு ரஷ்ய எழுத்தைக் கீறிவிட்டுப் போய்விடுகிறான். 'ஒற்றன்' என்ற சொல்லின் முதல் எழுத்து அது.

அதற்குப் பின் வரும் மருத்துவமனைப் பக்கங்களுக்காகவே அந்த நாவலை நான் மதிக்கிறேன். தன் உடல் இனி முன்போல இயங்குமா என்ற அச்சம் பாண்டைத் தின்கிறது. அதை மருத்துவரிடம் கேட்கவும் கூசுகிறார். பார்க்க வரும் பிரெஞ்சு உளவுத்துறை நண்பர் மத்தீஸிடம், இந்த வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறார். நியூயார்க்கில் ஒரு ஜப்பானியரையும் ஸ்டாக்ஹோமில் ஒரு நார்வேக்காரரையும் கொன்றுதான் தமக்குக் கொல்லும் அனுமதிக்கு அடையாளமான இரட்டைச் சுழி (00) எண் கிடைத்தது என்றும், அப்போது நல்லவர் யார் கெட்டவர் யார் என்பதில் ஐயமே இல்லாதிருந்தது என்றும், அந்த நாற்காலியில் கட்டுண்டு கிடந்த பிறகு அந்தக் கோடு அழிந்துவிட்டது என்றும் நீண்ட நேரம் பேசுகிறார். மத்தீஸ் அவரை மறுத்து வாதாடிவிட்டு, கிளம்பும்போது ஒரு யோசனை சொல்கிறார்: கொள்கைகளுக்காகப் போராடுவதைவிட மனிதர்களுக்காகப் போராடுவது எளிது, ஆகவே உன்னைச் சுற்றி மனிதர்களை வைத்துக்கொள். உளவு நாவலுக்குள் இப்படியொரு உரையாடலை எதிர்பார்க்காத நான், புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துவிட்டு வெகு நேரம் படுத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஃப்ளெமிங்கின் பன்னிரண்டு நாவல்களையும் இரண்டு சிறுகதைத் தொகுதிகளையும் நான் படித்துவருவது, பெரும்பாலும் இந்த உடலைப் பின்தொடர்ந்துதான். இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: அந்தப் புத்தகங்களில் பட்ட காயம் பட்டதுதான். புறங்கையில் கீறிய எழுத்தின் மேல் தோல் ஒட்டியதற்கான தடம், நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலில் எதிரிகளின் கோப்பில் அடையாளக் குறியாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் நாவலில் சுறாவுக்கு இரையாக்கப்பட்டு ஒரு கையையும் ஒரு காலில் பாதியையும் இழக்கும் அமெரிக்க நண்பர் ஃபீலிக்ஸ் லைட்டர், அதன் பிறகு வரும் புத்தகங்களிலெல்லாம் கை இருந்த இடத்தில் இரும்புக் கொக்கியோடுதான் வருகிறார். தொடர்கதை நாயகர்களுக்கு அடுத்த புத்தகத்தில் எல்லாம் சரியாகிவிடுவது வழக்கம். ஃப்ளெமிங் அந்த வழக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

அத்தான் கொண்டுவந்த இரண்டாவது புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி உரையாடல் வருகிறது. முந்தைய நாவலின் கடைசிப் பக்கத்தில், ரோஸா கிளெப் என்ற கிழவியின் காலணி முனையிலிருந்த நச்சுக் கத்தி பட்டு, பாண்ட் தரையில் சாய்ந்திருந்தார். அவர் பிழைத்தாரா என்பதைச் சொல்லாமலே அந்த நாவலை முடித்திருந்தார் ஃப்ளெமிங். 1958இல் வந்த 'டாக்டர் நோ' அந்த விடையைத் தொடக்கப் பகுதியிலேயே தந்துவிடுகிறது. உளவுத்துறைத் தலைவர் எம், நரம்பியல் மருத்துவர் சர் ஜேம்ஸ் மொலோனியைத் தொலைபேசியில் அழைத்து, தன் ஆள் வேலைக்குத் தயாரா என்று கேட்கிறார். உடல் தேறிவிட்டது என்று சொல்லும் மருத்துவர், கூடவே ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறார். மோரன் பிரபு எழுதிய நூலை நினைவூட்டி, தைரியம் என்பது ஒரு கைமுதல், செலவழிக்கச் செலவழிக்கக் குறைந்துகொண்டே போகும், இந்த மனிதர் போருக்கு முன்பிருந்தே அதை நிறையச் செலவழித்துவிட்டார், இன்னும் கணக்கு தீர்ந்துவிடவில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்ற பொருள்படப் பேசுகிறார்.

மோரன் பிரபு கற்பனைப் பாத்திரமல்லர். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் படைப்பிரிவு மருத்துவராக இருந்து, பின்னாளில் வின்ஸ்டன் சர்ச்சிலின் மருத்துவராகப் பணியாற்றியவர். ஒரே மனிதர் முதல் மாதம் குண்டு மழையில் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, சில மாதங்களில் கதவு அறைந்து சாத்தும் ஓசைக்கே நடுங்குபவராக மாறியதைக் கண்ணால் கண்டு, 1945இல் வெளியிட்ட தம் நூலில் அந்தக் கருத்தை எழுதினார். வங்கியில் போட்ட பணத்தைப் போலத்தான் மனத்திடமும், எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தீரும் என்பது அவர் கண்ட உண்மை. ஃப்ளெமிங்கின் பாண்ட் முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். அஞ்சாதவன் கதையை அவர் எழுதவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழித்துவிட்டு, மீதி எவ்வளவு என்று தெரியாமல் அடுத்த வேலைக்குக் கிளம்பும் ஒருவனின் கதையை எழுதினார்.

அச்சத்தை அவர் எழுதும் விதம் நுட்பமானது. இஸ்தான்புல்லுக்குப் பறக்கும் விமானம் இடி மின்னலில் சிக்கி உலுக்கப்படும்போது, பாண்ட் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, தன் மனத்துக்குள் இருக்கும் புயல் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். வெப்பநாடுகளின் பழைய வீடுகளில் சூறாவளிக் காலத்தில் குடும்பம் ஒதுங்குவதற்கென்று வீட்டு நடுவில் கட்டிவைக்கும் உறுதியான சிறு அறைதான் புயல் அறை. தம்மால் எதையும் செய்ய முடியாத நேரத்துக்கு மட்டும் அதற்குள் போவது என்று அவர் பழகிவைத்திருக்கிறார். ஜமைக்காவில் வீடு கட்டி வாழ்ந்த ஒருவருக்குத்தான் இந்த உவமை தோன்றியிருக்கும்.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜமைக்காவின் வடகரையில் ஒராகபெஸ்ஸா என்ற ஊருக்கு அருகே, கடலைப் பார்த்த மேட்டில், போர் முடிந்த அடுத்த ஆண்டு ஃப்ளெமிங் கட்டிய வீட்டுக்குக் 'கோல்டன்ஐ' என்று பெயர். சன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, மரப்பலகைச் சட்டங்கள்தாம். 1952இன் தொடக்கத்தில், தமக்குத் திருமணம் நடக்கவிருந்த சில வாரங்களுக்கு முன், அந்தச் சட்டங்களை மூடி வெளிச்சத்தைத் தடுத்துவிட்டுத் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து முதல் நாவலை எழுதினார். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் லண்டன் குளிரிலிருந்து அங்கே வந்து ஒரு நாவல் எழுதுவது வழக்கமாயிற்று. நாயகனுக்குப் பெயர், அவர் மேசையில் இருந்த மேற்கிந்தியத் தீவுப் பறவைகள் பற்றிய நூலிலிருந்து வந்தது. நூலாசிரியரான பறவையியலாளரின் பெயர் ஜேம்ஸ் பாண்ட். எந்த மினுக்கும் இல்லாத தட்டையான பெயர் வேண்டும் என்று தேடியவருக்கு அது பொருந்திப்போனது. சூயஸ் நெருக்கடியில் நொறுங்கிப்போன பிரதமர் ஆன்டனி ஈடன், 1956 நவம்பரில் உடல் தேறுவதற்காக வந்து தங்கியதும் இதே வீட்டில்தான். பிரிட்டன் இனி உலகின் முதல் வல்லரசு அல்ல என்பது ஊரறியத் தெரிந்துவிட்ட நேரத்தில், அதன் பிரதமர், பாண்ட் பிறந்த வீட்டில் நோயாளியாகப் படுத்திருந்தார்.

ஃப்ளெமிங் களத்தில் நின்ற ஒற்றர் அல்லர். போர்க்காலத்தில் கடற்படை உளவுப் பிரிவின் இயக்குநர் ஜான் காட்ஃப்ரியின் தனி உதவியாளராக, லண்டனில் 39ஆம் எண் அறையில் மேசைக்குப் பின்னால் அமர்ந்து திட்டங்கள் தீட்டியவர். 1942 ஆகஸ்டில் டியெப் துறைமுகத் தாக்குதலைக் கடலில் நின்ற ஒரு போர்க்கப்பலிலிருந்து பார்த்தார். கரையில் இறங்க அவருக்கு அனுமதி இல்லை. எதிரியிடம் பிடிபட்டால் சொல்லிவிடக்கூடிய இரகசியங்கள் அவரிடம் மிகுதியாக இருந்தன. அவர் எழுதிய காகிதங்களின்படி மற்றவர்கள் போனார்கள், அவர்களில் சிலர் திரும்பவில்லை. பாண்ட் வாங்கும் ஒவ்வோர் அடியிலும், போக முடியாமல் கப்பல் தளத்தில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அதிகாரியின் மனக்கடன் கொஞ்சம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1955இல் வந்த 'மூன்ரேக்கர்' எனக்கு மிகப் பிடித்த நாவல். அதில் பாண்ட் இங்கிலாந்தைவிட்டு வெளியே போவதே இல்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் கதை தொடங்குகிறது. அவருக்கு மின்தூக்கி உண்டு, கோப்பு உண்டு, செயலாளர் லோலியா பான்சன்பி உண்டு. அவருடைய திறமை தேவைப்படும் வேலை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வருகிறது, மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போகும் அரசு ஊழியராகத்தான் அவர் இருக்கிறார். சம்பளம் ஆண்டுக்கு 1,500 பவுண்டு. இரட்டைச் சுழிப் பிரிவிலிருந்து ஓய்வுபெறும் வயது 45. அதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன, அதற்குள் தான் கொல்லப்பட்டுவிடுவோம் என்று சோர்வான பொழுதுகளில் அவர் உறுதியாக நம்புகிறார். ஆகவே சாகும்போது வங்கிக் கணக்கில் இயன்றவரை குறைவான பணம் இருக்க வேண்டும் என்பதே அவருடைய சேமிப்புத் திட்டம். விலையுயர்ந்த மதுவையும் காரையும் முட்டையைச் சரியான பதத்தில் வேகவைப்பதையும் பற்றி ஃப்ளெமிங் பக்கம் பக்கமாக எழுதியதைப் படாடோபம் என்று சொல்பவர்கள் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள். நாளை இல்லை என்று நினைப்பவன் இன்றைய காலைச் சிற்றுண்டியை அவ்வளவு கவனமாகத்தான் சாப்பிடுவான்.

அந்த நாவலின் முடிவில், லண்டனைக் காப்பாற்றிய பாண்ட், தீப்புண்களோடு ஊன்றுகோல் பிடித்து, தம்மோடு சாவின் விளிம்பு வரை வந்த காலா பிராண்டைச் சந்திக்கப் பூங்காவுக்குப் போகிறார். அவள் வேறொருவரை மணக்கப் போவதாகச் சொல்கிறாள். கைகுலுக்கிவிட்டு இருவரும் வெவ்வேறு பக்கம் நடக்கிறார்கள். இதே பெயரில் 1979இல் வந்த படத்தில் பாண்ட் விண்வெளிக்குப் போய் எடையற்று மிதக்கிறார். பெயரும் வில்லனின் பெயரும் மட்டும் மிஞ்சியிருக்க, காலா பிராண்ட் காணாமல் போய்விட்டாள்.

எடை இழந்தது 1979இல் மட்டும் நடந்ததன்று. திரைக்குப் போன நாளிலிருந்தே பாண்டின் உடல் மெல்ல மெல்லக் கனம் குறைந்துவந்தது. 1954இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நாடகமாக வந்தபோது அவரை 'ஜிம்மி' என்ற அமெரிக்கராகவே மாற்றியிருந்தார்கள். அதை அதோடு விட்டுவிடலாம். ஹாரி சால்ட்ஸ்மேனும் ஆல்பர்ட் பிராக்கொலியும் தயாரித்து, டெரன்ஸ் யங் இயக்கி, 1962 அக்டோபர் 5 அன்று லண்டனில் வெளியான 'டாக்டர் நோ'தான் உண்மையான தொடக்கம். ஜமைக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. படம் பிடிக்கப்பட்டபோது அது குடியேற்ற நாடு, திரையிடப்பட்டபோது தனி நாடு.

ஷான் கானரியை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. எடின்பரோவின் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்து, பால் வண்டி ஓட்டியவர். அறைக்குள் அவர் நடந்து வருவதைப் பார்த்தாலே போதும். முதலில் அவரை விரும்பாத ஃப்ளெமிங் பின்னர் மனம் மாறினார். அடுத்து வந்த நாவலில் பாண்டின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர் என்று எழுதியும் வைத்தார். அந்த முதல் படத்தில் இன்னும் கொஞ்சம் நாவல் மிச்சமிருந்தது. நாவலில் நள்ளிரவில் பாண்டின் படுக்கைக்குள் விடப்படுவது ஒரு பெரிய பூரான். அது கணுக்காலில் ஏறி, தொடை வழியே வயிற்றுக்கு வந்து, மார்பைக் கடந்து, கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் நின்று, முகத்தில் ஊர்ந்து, நெற்றியில் அரும்பிய வியர்வைத் துளியைக் குடிக்கிறது. ஒவ்வோர் அங்குலமும் ஒரு வாழ்நாள்போல நீளும் பக்கங்கள் அவை. கட்டுப்போட்ட காலோடு அதைப் படித்த நான், என் போர்வையை ஒருமுறை உதறிப் பார்த்துக்கொண்டேன். படத்தில் பூரானுக்குப் பதில் சிலந்தி வந்தது. ஆனால் கானரியின் முகத்தில் வழியும் வியர்வை மெய்யான வியர்வையாகவே இருந்தது.

அந்தப் படத்தின் இசையில் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. உலகமே அறிந்த அந்தப் பாண்ட் இசைக்கோவையின் மெட்டு, முதலில் பாண்டுக்காகப் பிறந்ததன்று. வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்கும் முயற்சிக்காக, மான்டி நார்மன் ஒரு பாடல் அமைத்திருந்தார். கெட்ட சகுனத்தில் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு டிரினிடாட் இந்தியனின் புலம்பல் அந்தப் பாட்டு. நாடகம் அரங்கேறவில்லை. அதே மெட்டை நார்மன் பாண்டுக்குக் கொடுக்க, ஜான் பாரி அதற்கு மின் கிதாரும் பித்தளைக் கருவிகளும் சேர்த்து உருவம் தந்தார். கரும்புத் தோட்டக் கூலிகளின் வழிவந்த ஒருவனின் ஒப்பாரி, பேரரசின் ஒற்றனுடைய வருகைக்குக் கட்டியம் கூறும் இசையாயிற்று.

கென் ஆடம் எழுப்பிய பிரமாண்டமான அரங்குகளும், கருவிகள் நிறைந்த காரும் வந்த பிறகு, பாண்டுக்கு அச்சம் தேவைப்படாமல் போய்விட்டது. எல்லா ஆபத்துக்கும் ஏற்கெனவே சட்டைப் பையில் விடை இருந்தால் எதற்காக அஞ்ச வேண்டும்? ரோஜர் மூர் நடித்த ஏழு படங்களில் அது முழுமையடைந்தது. 'ஆக்டோபஸி'யை உதய்ப்பூரில் எடுத்தார்கள். நம் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டுக்கு உதவும் உளவாளியாக, தம் பெயரிலேயே நடித்திருக்கிறார். அவரைத் திரையில் கண்டபோது எனக்கு உண்டான பெருமிதம், சூதாட்டத்தில் வென்ற பணத்தில் ஒரு கட்டை இந்திய உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, சில வாரங்களுக்குக் குழம்பு வாங்க ஆகும் என்று பாண்ட் சொன்னபோது வற்றிப்போனது. அந்தப் பாத்திரம் கொல்லப்படும்போது பாண்டின் முகத்தில் ஒரு துயரம் வருகிறது, மறுகாட்சியில் மறைந்துவிடுகிறது. ஃபீலிக்ஸ் லைட்டரின் கொக்கியைப் போல அது உடன் வருவதில்லை.

நாவல்களிலும் மன்னிக்க முடியாதவை உள்ளன. 'லிவ் அண்ட் லெட் டை' நாவலில் கறுப்பின மக்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பவை படிக்கக் கூசுபவை. 2023இல் புதிய பதிப்புகள் வந்தபோது அவற்றில் சில சொற்களை மாற்றினார்கள். சொற்களை மாற்றலாம், பார்வையை மாற்ற முடியாது என்பதால், பழையபடியே அச்சிட்டு, வாசகர் கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்ல விட்டிருக்கலாம் என்பது என் கருத்து. பெண்களைப் பற்றிய அவருடைய பல வரிகளும் அப்படித்தான். முதல் நாவலின் கடைசி வாக்கியத்தில், தன்னைக் காதலித்து, காட்டிக்கொடுத்து, தற்கொலை செய்துகொண்ட வெஸ்பரை பாண்ட் வசைச்சொல்லால் குறிப்பிடுகிறார். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நாவலில், அதே பாண்ட் ஒவ்வோர் ஆண்டும் வெஸ்பரின் கல்லறைக்குப் போய்வருபவர் என்று ஃப்ளெமிங் எழுதியிருக்கிறார். அந்தக் காயமும் ஆறவில்லை.

திரை அந்த உடலை மீட்டெடுத்த தருணங்கள் சிலவே. 1969இல், ஒரே ஒரு படத்தில் நடித்த ஜார்ஜ் லேசன்பி, மணமான சில மணி நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மனைவி டிரேஸியை மடியில் கிடத்தி, அவள் ஓய்வெடுக்கிறாள் என்று காவலரிடம் சொல்லும் காட்சி நாவலில் உள்ளபடியே இருந்தது. 1987இல் திமதி டால்டன், மூல நூல்களைப் படித்துத் தயார் செய்துகொண்டு வந்தவர் என்பது அவருடைய களைத்த கண்களில் தெரிந்தது. 'தி லிவிங் டேலைட்ஸ்' சிறுகதையில், பெர்லினில் எதிரித் துப்பாக்கிக்காரியைக் கொல்லக் காத்திருக்கும் பாண்ட், அவள் தான் நாள்தோறும் தெருவில் பார்த்து ரசித்த செல்லோ இசைக்கலைஞர் என்று கண்டதும், குறியை மாற்றித் துப்பாக்கியை மட்டும் சுடுகிறார். இதற்காக வேலை போனால் போகட்டும் என்பதே அவர் மனநிலை. அதை இடம் மாற்றிப் படத்தில் வைத்திருந்தார்கள். 2006இல் டேனியல் கிரெய்க் வந்தபோது, மாடிப்படிகளில் இருவரைக் கொன்றுவிட்டு வந்து, குளியலறைக் கண்ணாடியின் முன் சட்டையெல்லாம் இரத்தமாக நின்று, மதுவை ஒரே மூச்சில் குடித்துத் தன்னைத் திரட்டிக்கொள்ளும் அந்தக் காட்சியில், நான் கட்டிலில் சந்தித்த மனிதரை முதல்முறையாகத் திரையில் கண்டேன். அடியில்லாத நாற்காலியும் திரும்பி வந்திருந்தது.

கைமுதல் தீர்ந்துபோவதையும் ஃப்ளெமிங் எழுதினார். 'தண்டர்பால்' நாவலின் தொடக்கத்தில் வரும் மருத்துவ அறிக்கையில் பாண்ட் நாளொன்றுக்கு 60 சிகரெட்டும் அரைப் புட்டி மதுவும் எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறது. அது எழுதியவரின் அறிக்கையும்கூட. அந்த நாவல் வெளியான 1961இலேயே ஃப்ளெமிங்குக்கு மாரடைப்பு வந்தது. மனைவியை இழந்து, வேலையில் பிழைமேல் பிழை செய்து, நிலைகுலைந்துபோன பாண்டைத்தான் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' நாவலின் தொடக்கப் பகுதியில் காண்கிறோம். அதன் முடிவில் அவர் இறந்துவிட்டதாகக் கருதி, எம் எழுதும் இரங்கல் குறிப்பு 'தி டைம்ஸ்' நாளேட்டில் வருகிறது. ஃப்ளெமிங்குக்கு ஒன்பது வயது நிறைய ஒரு வாரம் இருந்தபோது, அவர் தந்தை வாலன்டைன் 1917இல் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். அவருக்கு அதே 'தி டைம்ஸ்' ஏட்டில் இரங்கல் குறிப்பு எழுதியவர் சர்ச்சில். அதைச் சட்டமிட்டுத் தம் வாழ்நாள் முழுதும் வைத்திருந்த மகன், தாமும் நோயாளியான பின், தம் நாயகனுக்கு அதே ஏட்டில் ஓர் இரங்கல் குறிப்பை எழுதினார். அந்த நாவல் வந்த 1964ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்ட் 12 அன்று, 56 வயதில் அவர் இறந்தார். 2021இல் 'நோ டைம் டு டை' படத்தில் பாண்ட் இறந்த பிறகு எம் வாசிக்கும் ஜாக் லண்டனின் வரிகள், அந்த இரங்கல் குறிப்பில் சேர்க்கப்பட்டிருந்தவைதாம்.

நான் அடிக்கடி திரும்பிப்போகும் பக்கம் வேறொன்று. 'தண்டர்பால்' படம் 1965இல் வந்தபோது, அதன் முடிவில் ஒரு விமானம் கயிற்றைக் கொக்கியில் மாட்டி இழுக்க, பாண்டும் கதாநாயகி டாமினோவும் கடலிலிருந்து வானத்துக்கு எழும்பிப் போகிறார்கள். நாவலில் இருவரும் நாசோ நகரின் மருத்துவமனையில் தனித்தனி அறைகளில் கிடக்கிறார்கள். கடலடிச் சண்டையில் குற்றுயிரான பாண்ட், அவள் சித்திரவதைக்கு உள்ளானாள் என்று கேட்டறிந்ததும், எழக் கூடாத உடம்போடு எழுந்து, தள்ளாடி அவள் அறைக்குப் போகிறார். இங்கேயே இரு, போய்விடாதே என்கிறாள் அவள். அவர் பதில் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்திருந்த சிறு கம்பளத்தில் சரிந்து, கையைத் தலைக்கு அணையாக வைத்து, அந்தக் கணமே தூங்கிப்போகிறார். அவள் அந்த முகத்தைச் சற்று நேரம் பார்க்கிறாள். பிறகு, வேண்டும்போதெல்லாம் அவரைப் பார்த்துக்கொள்ள வசதியாக, தலையணையைக் கட்டிலின் விளிம்புவரை இழுத்துப் போட்டு, அதில் தலைவைத்துக் கண்களை மூடிக்கொள்கிறாள்.